கோடு ஏறுகிற இடம்

என் டோக்கன் இருபத்தேழு. சுவரில் எரிகிற சிவப்பு எண் பதினெட்டில் நிற்கிறது. இன்னும் எட்டுப் பேர், அப்புறம் நான். ஆளுக்கு ஐந்து நிமிஷம் என்றால் முக்கால் மணி நேரம், டாக்டர் நடுவில் டீ குடிக்கப் போனால் ஒரு மணி நேரம், அதற்குள் நான் வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் சொல்லாமலே உள்ளே போய் அந்த வட்ட ஸ்டூலில் உட்கார்ந்து கையை நீட்ட வேண்டும். சீட்டில் மாரீஸ்வரி, வயது நாற்பத்தொன்பது, அதற்குக் கீழே ராத்திரி தூக்கத்தில் மூச்சு நிற்கிறது என்று எழுதியிருக்கிறது. பெயர் என்னுடையது, வயதும் என்னுடையது, மூச்சு என்னுடையது இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற என் வீட்டுக்காரருக்கு இது தெரியாது. கோயம்புத்தூரில் கம்பெனியில் இருந்துகொண்டு ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் டோக்கன் வந்துருச்சாம்மா என்று செய்தி அனுப்புகிற என் மகள் கார்த்தீஸ்வரிக்கும் தெரியாது. இவர் என் ஃபைலை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருக்கிறார், பஸ் ஸ்டியரிங்கைப் பிடிக்கிற மாதிரியே. வருகிற வழியில் வண்டியை நிறுத்தி இளநீர் வாங்கித் தந்தார். இருபத்தெட்டு வருஷத்தில் இவர் எனக்கு இளநீர் வாங்கித் தந்தது கார்த்தி வயிற்றில் இருந்தபோது ஒரு தரம், இன்றைக்கு ஒரு தரம். அவசரமாக வாயில் வைத்து இழுத்தேன். "மெதுவாக் குடி, மூச்சு முட்டிறப் போவுது" என்றார். மூச்சு முட்டத்தான் செய்தது. கேஸ் ஷீட் எழுதின நர்ஸம்மா "எத்தனை நாளாம்மா இப்படி இருக்கு" என்று கேட்டபோது நான் பதில் சொல்லுமுன் இவர்தான் சொன்னார், "போன ஞாயித்துக்கிழமைதான் தெரிஞ்சது சிஸ்டர், பிள்ள போன்ல பாத்துச் சொன்னா." அப்போதே சொல்லியிருக்கலாம். கூட்டம் இல்லை, நர்ஸம்மாவும் சிரித்த முகமாக இருந்தாள். சொல்லவில்லை. பத்தொன்பது.

இப்போது என் மணிக்கட்டில் அந்தப் பட்டை இருக்கிறது. டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று கட்டி வரச் சொன்னாள் கார்த்தி. கறுப்பு ரப்பர் பட்டை, நடுவில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கண்ணாடி. கட்டினால் உள்பக்கம் மெல்லத் துடிக்கும். நம் நாடியைவிடக் கொஞ்சம் மெதுவாகத் துடிக்குமாம், நம் நாடியும் அதைப் பார்த்துத் தானும் மெதுவாகுமாம், அப்படியே தூக்கம் வந்துவிடுமாம். மாத்திரை கிடையாது, மருந்து கிடையாது, பின்விளைவு ஒன்றும் கிடையாது என்று கார்த்தி அந்த டப்பாவில் இங்கிலீஷில் இருந்ததில் நாலு வரியை எனக்குப் படித்துச் சொன்னாள். எனக்கு எட்டாவதுக்கு மேல் படிப்பு இல்லை, ஆனால் துடிப்பதென்றால் என்ன என்று தெரியும், ராத்திரி முழுக்க அதை எண்ணிக்கொண்டு கிடந்தேன். இதற்கு முன்னால் கண்ணுக்குக் கட்டுகிற பட்டை ஒன்று வந்தது, சூடாகும், கண் மேல் வெந்நீர் ஒத்தடம் போல இருக்கும். அதற்கு முன்னால் நெற்றிப்பட்டை, அதில் உள்ளே ஏதோ மினுக்கும், கண்ணை மூடினாலும் இமைக்குள் ஊதா நிறம் ஏறி இறங்கும், அதற்கேற்ப மூச்சை இழுத்து விட வேண்டும். எல்லாவற்றுக்கும் முந்தி காதில் சொருகுகிற இரண்டு குமிழ், உள்ளே மழைச் சத்தம், கடல் சத்தம். அதைத்தான் முதல் ராத்திரியே கழற்றிப் போட்டேன். ஏம்மா என்று கேட்டாள், காது வலிக்கிறது என்றேன். காது வலிக்கவில்லை. காதில் கடல் இருந்தால் பக்கத்தில் படுத்திருப்பவரின் மூச்சு எனக்கு எப்படிக் கேட்கும்? இதைக் கார்த்தியிடம் சொல்லாததால்தான் அவள் ஒன்று மாற்றி ஒன்று வாங்கி அனுப்பிக்கொண்டே இருந்தாள், சம்பளம் வந்ததும் அம்மாவுக்கு என்ன புதிதாக வந்திருக்கிறது என்று தேடுவாள், நானும் பெட்டியைப் பிரித்து ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டு, கல்யாணப் பெண் நகை மாற்றிப் பார்ப்பது போல, இருட்டில் மல்லாந்து கிடப்பேன். கடைசியாக வந்த இந்தப் பட்டை மட்டும் மார்க் போடும். காலையில் கார்த்தியின் போனுக்கே போய்விடும். நூற்றுக்கு இருபத்தொன்பது. நூற்றுக்கு முப்பத்திரண்டு. ஆறரை மணிக்கு போன் வரும், "ம்மா, என்னம்மா இது, ரெண்டு மணி நேரம்தான் தூங்கியிருக்க." அந்த இரண்டு மணி நேரமும் நான் அசையாமல் படுத்திருந்த நேரம். அது எனக்குத்தான் தெரியும், பட்டைக்குத் தெரியாது.

இருபது போய்விட்டது. எதிர் பெஞ்சில் ஒரு பெரியவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார், பார்த்து அவருக்கு என்ன தெரியும், எனக்கு ஞாயிற்றுக்கிழமை கார்த்தி போனில் அனுப்பின படத்தில் இருந்த கோட்டைப் பார்த்ததுமே எல்லாம் தெரிந்தது. மாத்திரை வேண்டாம் என்று நான்தான் பிடிவாதமாக இருந்தேன். சத்திரப்பட்டியில் நாங்கள் காயத்துக்குக் கட்டுகிற பேண்டேஜ் துணி மடிக்கிற கூடத்தில் பாதிப் பேர் மாத்திரை போடுகிறவர்கள்தான், ஒன்று குடு என்றால் இரண்டு தருவார்கள். பன்னிரண்டு சுருள் ஒரு கட்டு, நான் போன மாசம் பதின்மூன்று வைத்துக் கட்டி அனுப்பியிருக்கிறேன், ஒரு நாள் முழுக்க அப்படியே, மேஸ்திரி வந்து, "என்னக்கா, தூங்கிக்கிட்டே மடிக்கீகளா" என்று கேட்டான், எல்லோரும் சிரித்தார்கள், தூங்காமல் மடிக்கிறேன் தம்பி என்று சொல்ல நினைத்தேன். அன்றைக்கும் ஒருத்தி மாத்திரை அட்டையை என் முந்தானையில் முடிந்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் அதைக் கக்கூஸில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். எனக்கு மாத்திரை என்றால் என் அக்கா சுப்புத்தாய் முகம்தான். அக்காவுக்குக் கர்ப்பப்பை எடுத்த பிறகு வலிக்கும் தூக்கத்துக்கும் சேர்த்து ஒரு மாத்திரை எழுதியிருந்தார்கள். போட்டால் அடித்துப் போட்ட மாதிரி தூங்குவாள், எங்கள் அத்தான் பக்கத்தில் குறட்டை விட்டால்கூட அவளுக்குக் கேட்காது, "நாலு வருஷங் கழிச்சு நல்லாத் தூங்குதேன்டீ" என்று சொன்னாள். ஒரு நாள் காலையில் காப்பி போட்டு எடுத்து வந்து அத்தானை எழுப்பியிருக்கிறாள். கை சில்லென்று இருந்திருக்கிறது. டாக்டர் வந்து பார்த்து மூன்று மணிக்கே முடிந்திருக்கும் என்றார். வந்தவர்கள் எல்லோரும் நல்ல சாவு, தூக்கத்திலேயே, ஒரு கஷ்டமும் இல்லை என்று பேசிக்கொண்டார்கள். அக்கா மட்டும் யாரிடமும் பேசாமல் என் கையைப் பிடித்து, "பக்கத்துலதான்டீ படுத்திருந்தேன்" என்றாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். பக்கத்துலதான்டீ படுத்திருந்தேன். ஆயிற்று, நாலு வருஷம். பதினாறாம் நாள் காரியம் முடிந்து நான் வீட்டுக்கு வந்த அன்றைக்கு ராத்திரி படுத்தேன், இவர் குறட்டை விட்டார், இருபது வருஷமாகக் கேட்கிற குறட்டைதான், அன்றைக்கு முதல்முறையாக அது நிற்பதைக் கேட்டேன்.

குறட்டை நின்றால் எல்லோருக்கும் நிம்மதி. எனக்கு அதுதான் பயம். இழுத்து இழுத்து வந்த சத்தம் திடீரென்று அறுந்துவிடும். நெஞ்சு மட்டும் ஏறி இறங்கும், வயிறு துடிக்கும், வாயிலும் மூக்கிலும் ஒன்றும் வராது. நான் எண்ணுவேன். எட்டு, ஒன்பது. மின்விசிறிச் சத்தம் பெரிதாகும். பதினைந்து. தெருவில் நாய். இருபது. இருபத்திரண்டு. அப்புறம் முழங்கையால் விலாவில் ஒரு இடி. கொரக்கென்று ஒரு சத்தத்தோடு காற்று உள்ளே போகும், தண்ணீருக்குள் இருந்து தலையைத் தூக்கின மாதிரி, ம்ம் என்று முனகிப் புரண்டு படுப்பார், மறுபடியும் குறட்டை. ஒரு ராத்திரிக்கு எத்தனை இடி என்று நான் எண்ணினதில்லை, எண்ணினால் பயம் கூடும். நான் தூங்கினால் யார் இடிப்பது? ஒரு தரம், ஒரே ஒரு தரம் காலையில் சொன்னேன். "ராத்திரி உங்களுக்கு மூச்சு நிக்குதுங்க." பல் விளக்கிக்கொண்டிருந்தவர் துப்பிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "நின்னா நான் எப்படிடீ உங்கூடப் பேசிக்கிட்டு நிக்கேன்? பேயா?" அதையே பஸ்ஸில் போய்ச் சொல்லியிருக்கிறார், என் வீட்டுக்காரி எனக்குத் தினமும் உசுரு குடுக்கா என்று, மில் பிள்ளைகள் எல்லாம் சிரித்திருக்கிறார்கள். மில் பஸ். விடியக்காலம் நாலரைக்கு எடுத்தால் ஊர் ஊராகப் போய் முதல் ஷிப்டுக்கு நாற்பத்தெட்டுப் பிள்ளைகளை ஏற்றி வருவார். நான் கொண்டு வருகிற கழிவுத் துணியில்தான் கண்ணாடியைத் துடைப்பார், இந்தத் துணி மாதிரி வராது என்பார். போன ஆடியில் கண்மாய்க்கரைத் திருப்பத்தில் பஸ் இடது பக்கமாகப் போய் மதகுச் சுவரை உரசி நின்றது. யாருக்கும் ஒன்றும் இல்லை. நாய் குறுக்கே வந்தது என்றார். மில்லிலும் அதையே எழுதிக் கொடுத்தார். முன் சீட்டில் இருந்த பிள்ளை ஒருத்தி எங்கள் கூடத்தில் வேலை பார்க்கிறவளின் தங்கை, "நாயெல்லாம் வரலக்கா, அண்ணன் தலையைத் தொங்கப் போட்டுட்டாரு" என்று சொன்னாளாம். அதை நான் இன்று வரை இவரிடம் கேட்கவில்லை. மூச்சு என்று ஒரு வார்த்தை ஒரு காகிதத்தில் இவர் பெயருக்கு நேராக எழுதப்பட்டால் மில்லில் சாவியை வாங்கிக்கொள்வார்கள். முப்பது வருஷமாக வண்டி ஓட்டுகிற மனுஷன். சாவியை வாங்கிவிட்டு கேட்டில் காவலுக்கு உட்கார வைப்பார்கள், தான் ஓட்டின பஸ் வரும்போது கேட்டைத் திறந்துவிட வேண்டும். அதை நினைத்துத்தான் வாயை மூடினேன். வாயை மூடிவிட்டு முழங்கையை மட்டும் வைத்துக்கொண்டேன். அந்த நாற்பத்தெட்டுப் பிள்ளைகளை நினைக்காமல் இருக்க என்ன செய்தேன்? நினைத்தேன். தினமும் ஆறு மணிக்கு மில் சங்கு ஊதுகிற வரைக்கும் நினைத்தேன். சங்கு ஊதினால் பஸ் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

"என்ன யோசன? பயமா இருக்கா?" என்றார் இவர். இல்லை என்று தலையை ஆட்டினேன். "எல்லாத்துக்கும் இப்ப மிஷின் வந்துருச்சு. மூக்குல ஒரு மூடி மாதிரி மாட்டிக்கிட்டுப் படுத்தா காத்து அதுவே அடிக்குமாம், எங்க ஷெட்டுல பழனிவேல் சொன்னான். உனக்குத்தான் பட்டை கட்டிப் பட்டை கட்டிப் பழக்கமாச்சே." சிரித்தார். கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருக்கிறது இவருக்கு. சுவரில் இருபத்திரண்டு. நான் பட்டையை இவர் கையில் கட்டினது ஏமாற்ற வேண்டும் என்று இல்லை. இல்லை, ஏமாற்றத்தான். ஒரு நாள் மார்க் பதினெட்டு வந்தது. கார்த்தி போனில் அழுதாள். "நான் இங்க நிம்மதியா ஒரு வாய் சாப்பிட முடியலம்மா. நீ இப்படியே இருந்தேன்னா நான் வேலையை விட்டுட்டு வந்துருவேன். இல்லேன்னா டாக்டர்கிட்டப் போய் மாத்திரை வாங்கிப் போடு. ரெண்டுல ஒன்னு." மாத்திரை என்றதும் எனக்கு அந்தச் சில்லென்ற கை. அன்றைக்கு ராத்திரி இவர் ஒன்பது மணிக்குப் படுத்தார், ஒன்பது பத்துக்குக் குறட்டை. என் கையில் பட்டை துடித்துக்கொண்டிருந்தது. இருட்டில் அதைக் கழற்றினேன். என் கைக்கு நாலாவது துளை, இவர் கைக்குக் கடைசித் துளை. முடி மாட்டி இழுத்தது, அப்போதும் முழிக்கவில்லை. நாலு மணிக்கு அலாரம் அடிக்கும், மூன்றே முக்காலுக்குக் கழற்றி என் கையில் கட்டிக்கொண்டேன். காலையில் போன். "ம்மா! எழுபத்தாறும்மா! ஆறரை மணி நேரம்!" என் பிள்ளை பத்தாம் வகுப்பில் மார்க் வாங்கினபோது நான் கத்தின மாதிரி அவள் கத்தினாள். பள்ளிக்கூடத்தில் நான் எந்தப் பாடத்திலும் எழுபத்தாறு வாங்கினதில்லை. இவரிடம் போனைக் கொடுத்தேன், "அப்பா, அம்மா பாஸாயிட்டா" என்றாள், இவரும் என்னைப் பார்த்து, "முட்டாயி வாங்கிட்டு வரட்டா" என்றார். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஒன்பது ராத்திரி கட்டினேன். ஒன்பது நாளும் காலையில் மகள் சிரித்தாள். அந்தப் பட்டை மார்க் மட்டும் போடும் என்றுதான் நினைத்தேன், மூச்சையும் பார்க்கும், ரத்தத்தில் காற்று எவ்வளவு என்றும் பார்க்கும், பத்து நாளைக்கு ஒரு தரம் எல்லாவற்றையும் கூட்டி ஒரு கணக்காகச் சொல்லும் என்று எனக்கு எப்படித் தெரியும்? படித்திருந்தால் டப்பாவிலேயே படித்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். குழம்பு தாளித்துக்கொண்டிருந்தேன். கார்த்தியின் குரலே வேறு மாதிரி இருந்தது. "ம்மா, பதட்டப்படாத. அப்பா இருக்காரா? ஸ்பீக்கர்ல போடு. ராத்திரி உனக்கு மூச்சு நின்னு நின்னு வருதும்மா. ஆக்சிஜன் எண்பத்திரண்டு வரைக்கும் எறங்குது." எண்பத்திரண்டு என்றால் என்ன என்று கொரோனாவுக்குப் பிறகு யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். கடுகு கருகிவிட்டது. இவர் அடுப்பை அணைத்தார். அப்புறம் அவள் அந்தப் படத்தை அனுப்பினாள், வியாழக்கிழமை ராத்திரி ஒன்பதில் இருந்து விடியக்காலம் வரைக்கும் ஒரே கோடு, சிவப்பில், இறங்கி இறங்கி ஏறுகிறது, பல் உடைந்த சீப்பு மாதிரி. இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் எட்டிப் பார்த்தேன். பார்த்ததும் எனக்கு ஒவ்வொரு இறக்கமும் தெரிந்தது. இது பதினொன்றரை, பக்கத்து வீட்டு மோட்டார் நின்ற நேரம். இது இரண்டு மணி, அன்றைக்கு இருபத்தெட்டு வரை எண்ணினேன், முதல் இடிக்கு அசையவில்லை, இரண்டாவது இடித்தேன். கோடு ஏறுகிற இடமெல்லாம் என் முழங்கை. அந்தச் சிவப்புக் கோட்டில் நானும் இருக்கிறேன், ஆனால் அங்கே என் பெயர்தான் மேலே எழுதியிருக்கிறது, கீழே கிடப்பவர் இவர். ஓரிடத்தில் மட்டும் கோடு கீழேயே கிடந்தது, ஏறவே இல்லை, நீளமாக, அடுத்த ஏற்றத்துக்கு வெகுதூரம். விடியக்காலம் மூன்றே காலுக்கு மேல். அந்த நேரம் நான் எங்கே போனேன்? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், ஞாயிற்றுக்கிழமையில் இருந்து இதைத்தான் யோசிக்கிறேன். தண்ணீர் குடிக்க எழுந்தேனா? இல்லை. நான் தூங்கியிருக்கிறேன். நாலு வருஷத்தில் எப்போதாவது என்னை அறியாமல் கண் சொருகும் என்று தெரியும், அது எப்போது என்று தெரியாமல் இருந்தது, இப்போது தெரிந்துவிட்டது. நான் தூங்கின அந்த நேரம் கோடு கீழே கிடந்தது. அப்புறம் தானாகவே ஏறியிருக்கிறது. அன்றைக்கு ஏறியது. நாளைக்கு?

இருபத்துநாலு. டாக்டர் டீ குடிக்கப் போகவில்லை, கதவு திறக்கிறது மூடுகிறது, திறக்கிறது மூடுகிறது. இவர் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி படுக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "நீ தூங்கு மாரி, நான் பாத்துக்கிட்டு இருக்கேன், மூச்சு நின்னா எழுப்புதேன்" என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிறவள் மாதிரி கிடந்தேன், இவர் என் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தார், ஒரு தரம், இரண்டு தரம். அந்த விரலில் டீசல் வாடை. மூன்றாவது தரம் விரல் வரவில்லை. கண்ணைத் திறந்தால் சுவரில் தலை சாய்ந்து வாய் திறந்து கிடக்கிறார், பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. நான் எழுந்து படுக்க வைத்துவிட்டு என் வேலையைப் பார்த்தேன். காலையில் முகம் தொங்கிப் போய், "கண்ணு அசந்துட்டேன் மாரி, உனக்கு ஒன்னுன்னா நான் என்ன பண்ணுவேன்" என்றார். சொல்லிவிட வேண்டியதுதானே அப்போதே. என்ன சொல்வது? உங்கள் கையில் கட்டினேன் என்றா? மகளை ஏமாற்றினேன் என்றா, நாலு வருஷமாக உங்கள் மூச்சு நிற்கிறது தெரிந்தும் தினமும் டிபன் கட்டிக் கொடுத்து பஸ் எடுக்க அனுப்பினேன் என்றா? சொன்னால் சாவி போகும். சொல்லாவிட்டால் இந்த டாக்டர் என்ன செய்வார், என்னை ஒரு ராத்திரி படுக்க வைத்துப் பார்ப்பார், ஒன்றுமே இல்லையே, நல்லாத்தானே மூச்சு விடுகிறீர்கள், தூக்கம்தான் இல்லை என்று மாத்திரை எழுதுவார், பட்டை தப்பாகக் காட்டியிருக்கும் என்பார், இவரே மெடிக்கலுக்குப் போய் மாத்திரையை வாங்கி வந்து இவரே தண்ணீரும் மோந்து தருவார். குடிச்சிட்டு நல்லாத் தூங்கு மாரி என்பார். நான் தூங்குவேன். இருபத்தைந்து. உள்ளே போனதும் இவரை வெளியே அனுப்பிவிட்டு டாக்டரிடம் மட்டும் சொன்னால்? போக மாட்டார், என்னை விட்டு ஒரு அடி நகர மாட்டார் இன்றைக்கு. கார்த்திக்கு போனில் பேசி அனுப்பினால்? அவளுக்காகக் காலையில் நாலு தரம் குரலைப் பதிந்தேன், கார்த்தி, அது என் மூச்சு இல்லடா, என்று ஆரம்பித்து நாலு தரமும் அழித்தேன்.

போன் மறுபடி மினுங்கியது. டோக்கன் வந்துருச்சாம்மா. நான் பதில் எழுத விரலை வைத்தேன், அப்போது என் தோளில் பாரம் விழுந்தது. இவர் தலை. ஃபைல் மடியில் சரிந்திருந்தது. இந்த வெளிச்சத்தில், இத்தனை பேர் நடுவில், குழந்தை அழுகிற சத்தத்தில், எண் கூப்பிடுகிற மணிச் சத்தத்தில் எப்படித்தான் தூங்க முடிகிறதோ. இரண்டு ராத்திரி எனக்குக் காவல் இருக்கிறேன் என்று பாதி முழித்த மனுஷன், விடியக்காலமும் பஸ் எடுத்திருக்கிறார். குறட்டை ஆரம்பித்தது. எக்ஸ்ரே பெரியவர் சிரித்துக்கொண்டே, "நோயாளி நீங்க, தூக்கம் அவருக்கா" என்றார். இருபத்தாறு உள்ளே போனது. பக்கத்தில் இருந்த பெண் வாயை முந்தானையால் மூடிச் சிரித்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது, எழுப்பலாம் என்று திரும்பினேன், திரும்பும்போது குறட்டை நின்றது. மூன்று. நாலு. சிரித்தவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள், நின்றுவிட்டது, அவ்வளவுதான் என்று. எட்டு. என் தோளில் இவர் நெஞ்சு எக்குவது தெரிகிறது. பதினொன்று. முழங்கை தானாக எழுந்தது. இடித்தால் முழித்துக்கொள்வார், ம்ம், நம்பர் வந்துருச்சா என்பார், நான் உள்ளே போவேன், எல்லாம் பழையபடி. வலது கையால் என் இடது முழங்கையைப் பிடித்தேன். என் கையை நானே பிடித்துக்கொண்டேன். பதினாறு. "இருபத்தேழு, மாரீஸ்வரி!" நர்ஸம்மா கதவைத் திறந்து நின்றாள். நான் எழவில்லை. "மாரீஸ்வரி யாரு? உள்ள வாங்கம்மா." இருபது. "சிஸ்டர், இங்க வாங்க" என்றேன். "டாக்டர் கூப்பிடுறாரும்மா, அவரை எழுப்பிட்டு வாங்க." "எழுப்ப மாட்டேன். நீங்க வந்து பாருங்க." என் குரல் எனக்கே கேட்கவில்லை, ஆனால் ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. இருபத்துநாலு. இதுவரை ஒருநாளும் நான் தெரிந்தே இவ்வளவு விட்டதில்லை. இவர் உதடு நிறம் மாறுகிறதா, மாறுகிறது, ஐயோ, இருபத்தேழு, நான் இவரைக் கொல்கிறேன், பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன், இருபத்தொன்பது, நர்ஸம்மா சலித்துக்கொண்டே வந்தாள், குனிந்தாள், வாய் வரை வந்த பேச்சை நிறுத்தினாள். இவர் மூக்குக்கு நேரே புறங்கையை வைத்தாள். வயிற்றைப் பார்த்தாள். தன் கடிகாரத்தைப் பார்த்தாள். முப்பத்தொன்று. முப்பத்திரண்டு. அவள் முகத்தில் இருந்த சலிப்பு போய்விட்டது. கையை நீட்டி இவர் தோளைப் பிடித்து உலுக்கவும், கொரக்கென்று காற்று உள்ளே போனது. அந்தப் பெரியவர் எக்ஸ்ரேயைக் கீழே போட்டுவிட்டார். "எத்தனை நாளா இப்படி?" என்று மெதுவாகக் கேட்டாள் நர்ஸம்மா, என்னைப் பார்த்து, என்னை மட்டும் பார்த்து. "நாலு வருஷமா" என்றேன். யாரோ என் நெஞ்சின் மேல் இருந்து அம்மிக்கல்லைத் தூக்கின மாதிரி இருந்தது, தூக்கி இவர் மேல் வைத்த மாதிரியும் இருந்தது.

இவர் வாயோரத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "உன் நம்பர் வந்துருச்சா? எழுப்ப வேண்டியதுதானே" என்றார். ஃபைலைப் பொறுக்கி எடுத்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்கு முன்னால் நடந்தார். நர்ஸம்மா எங்களுக்கு முன்பே உள்ளே போய் டாக்டர் காதோரம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். இவர் அதைக் கவனிக்கவில்லை. மேஜைக்கு முன்னால் நின்று, முதலாளி முன்னால் நிற்பது போல் நின்று, "சார், இவளுக்கு ராத்திரி மூச்சு நின்னு நின்னு வருது, என்ன செலவானாலும் பாத்துக்கிடலாம், காப்பாத்திக் குடுங்க" என்றார். டாக்டர் இவரைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார், ஸ்டூலைக் காலால் இவர் பக்கம் தள்ளினார். "நீங்க உக்காருங்க" என்றார். "எனக்கில்ல சார், இவளுக்கு." "தெரியும். நீங்க உக்காருங்க." இவர் என் பக்கம் திரும்பினார். "என்ன மாரி இது?" என்றார். கோபம் இல்லை, இன்னும் கோபம் வரவில்லை, வரும். பஸ்ஸை நினைப்பார், சாவியை நினைப்பார், நாலு வருஷமா என்று கேட்பார், அப்போது என்னைப் பார்க்கிற பார்வை இப்படி இருக்காது. நான் இவர் கையில் இருந்த ஃபைலை வாங்கிக்கொண்டேன். "உக்காருங்க" என்றேன். "ராத்திரி பட்டை என் கையில இல்ல. உங்க கையில இருந்துச்சு." இவர் தன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார், அங்கே ஒன்றும் இல்லை, அப்புறமும் அதையே பார்த்துக்கொண்டு, கையால் ஸ்டூலைத் தடவி, மெல்ல உட்கார்ந்தார்.